கொள்ளையர் கப்பலில் சமத்துவம் பேசுவது காலப்பிழையா?

பினாங்குவாசி:
வணக்கம். 1720ஆம் ஆண்டையொட்டி அட்லாண்டிக் கடலில் நடப்பதாக ஒரு சரித்திர நாவல் எழுதி வருகிறேன். வணிகக் கப்பலில் கசையடி பட்டு, கூலியும் பிடிக்கப்பட்ட மாலுமி ஒருவன் கொள்ளையரோடு சேர்கிறான். அங்கே தலைவனையே வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பதைக் கண்டு திகைக்கிறான். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப்பட்டவர்களைச் சமத்துவம் பேசவைப்பது காலப்பிழை என்கிறார், கைப்பிரதியைப் படித்த நண்பர். அவர் சொல்வது சரியா?

பழைய கிள்ளான் சாலை:
சரியில்லை ஐயா. 1647இலேயே இலண்டனை ஒட்டிய பட்னியில், ஏழைக்கும் வாக்குரிமை உண்டா என்று இங்கிலாந்துப் படைவீரர்கள் தங்கள் தளபதிகளோடு வாதிட்டிருக்கிறார்கள். கடலிலோ, உங்கள் கதைக் காலத்துக் கொள்ளையர் தலைவன் பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பல் விதிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்றுதான் தொடங்குகின்றன. தலைவனுக்கும், அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் கொள்ளையில் இரண்டு பங்கு. பீரங்கிப் பொறுப்பாளருக்கு ஒன்றரைப் பங்கு. சண்டையில் காலையோ கையையோ இழந்தவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 டாலர். ஆகவே உங்கள் மாலுமியை மேடைப் பேச்சு பேசவைக்காதீர்கள். 1713இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் முடிந்து கடற்படை ஆட்களைக் கலைத்ததும் துறைமுகங்களில் கூலி எப்படிச் சரிந்தது என்பதையும், அவன் கைக்கு முதன்முறையாக வந்த பங்குப் பணத்தை எத்தனை தரம் எண்ணிப் பார்த்தான் என்பதையும் எழுதினாலே அரசியல் தானாக வந்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி:
மேலே எழுதியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அதே ராபர்ட்ஸின் ஆட்கள் 1722 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் உய்தா துறைமுகத்தில் செய்ததையும் நாவலில் மறைக்கக் கூடாது. மீட்புப் பணம் தர மறுத்த ஓர் அடிமைக் கப்பலுக்கு, உள்ளே இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 80 பேர் இருக்கும்போதே அவர்கள் தீ வைத்தார்கள். விலங்கை அவிழ்க்க நேரமாகும் என்பதுதான் காரணம். வாக்குப் பெட்டகத்தை மட்டும் காட்டிவிட்டு இந்தச் சங்கிலியைக் காட்டாத நாவலை என்னால் நம்ப முடியாது.

பட்டர்வொர்த்:
பினாங்கில் இருக்கும் நீங்கள் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு ஒரு நடை போய் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பாருங்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அதன்மேல் பூ வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1603இல் டச்சுக்காரர் வார்த்த அந்தப் பீரங்கி ஜொகூர் சுல்தானிடமிருந்து சுமத்ராவின் அச்சேக்காரர் கைக்குப் போய், பின்னர் சிலாங்கூருக்கு வந்தது. 1871இல் கடற்கொள்ளையரை ஒடுக்குகிறோம் என்று சிலாங்கூர் மீது படையெடுத்த ஆங்கிலேயர், அதையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். மலாய்மொழியில் கொள்ளையரைக் குறிக்கும் ‘லானுன்’ என்ற சொல்லும் பிலிப்பீன்சின் மிண்டனாவோ தீவைச் சேர்ந்த இரானுன் மக்களின் பெயரிலிருந்து வந்ததுதான்; ஒரு மக்களின் பெயரே குற்றத்தின் பெயராகிவிட்டது. உங்கள் கதையில் ‘கொள்ளையன்’ என்று முதலில் சொல்பவர் யார், எந்தக் கப்பலில் நின்றுகொண்டு சொல்கிறார் என்பதில் கவனம் வையுங்கள்.

பினாங்குவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உய்தா நிகழ்ச்சியை நான் வேண்டுமென்றேதான் தவிர்த்திருந்தேன்; அது தவறு. ஏழாம் அத்தியாயத்தில் என் மாலுமியின் கையிலேயே தீப்பந்தத்தைக் கொடுத்து, மீண்டும் எழுதப்போகிறேன்.