சாகும் கலாத்தியன் சிலை: இரக்கமா, தம்பட்டமா?

செங்கல்சூளை:
ரோமில் காப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘சாகும் கலாத்தியன்’ சிலையின் படத்தை நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கேடயத்தின் மேலேயே சரிந்து, வலது கையை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான், வலது மார்புக்குக் கீழே வாள் குத்து, அதிலிருந்து ரத்தம் சொட்டுவதைக்கூடக் கல்லில் செதுக்காமல் விடவில்லை. எதிரியை இப்படிச் செதுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

பழைய_பேனா:
மனசா? அரசியல் நண்பரே. மூலச் சிலையைச் செய்யச் சொன்னவன் பெர்கமோன் என்ற கிரேக்க நாட்டின் அரசன் முதலாம் அட்டலஸ் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம். கி.மு. 278 வாக்கில் அங்கே வந்து இறங்கிய கலாத்தியர் ஊர் ஊராக மிரட்டிக் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், இவன் தரமுடியாது என்று சண்டைக்குப் போய் ஜெயித்தான், அந்த ஜோரில் ‘அரசன்’ பட்டமும் ‘காப்பாற்றியவன்’ பட்டமும் சூட்டிக்கொண்டான். அதைக் கொண்டாட வைத்த வெண்கலச் சிலைகளில் ஒன்றுதான் இது. எலியை அடித்தேன் என்று யாராவது சிலை வைப்பானா? அடித்தது புலி என்று காட்டினால்தானே அடித்தவனுக்குப் பெருமை.

தேனம்மா:
நடுவில் ஒரு சந்தேகம். பவுல் நிருபம் எழுதினாரே கலாத்தியருக்கு, அந்தக் கலாத்தியாவா இது?

செங்கல்சூளை:
அதேதான் அக்கா, அந்த நாட்டுக்குப் பேரே இவர்களால் வந்தது. ஐரோப்பாவிலிருந்து போன கெல்ட் கூட்டம்.
பேனா சார், புலியாகக் காட்ட உடம்புக்கட்டு போதுமே, முகத்தில் அந்த வலி எதற்கு? காயமும் நெஞ்சுப்பக்கம். விழுப்புண் என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிற நமக்கு அது புரியவேண்டாமா?

பழைய_பேனா:
முதுகில் குத்தினேன் என்று எந்த அரசன் சார் சிலை வைப்பான்? அதிலும் லாபம் ஜெயித்தவனுக்குத்தான்.
கழுத்தில் முறுக்கு வளையம், மீசை, சுண்ணாம்பு நீரில் விறைக்கவைத்த முடி, உடம்பில் பொட்டுத் துணி இல்லை. எல்லாம் ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று பார்க்கிற கிரேக்கனுக்குச் சொல்லும் அடையாளம். போதாததற்கு நீங்கள் உருகும் சிலை அந்த வெண்கலமே இல்லை, அது தொலைந்துபோயிற்று. இது ரோமர்கள் பளிங்கில் எடுத்த நகல். அவர்களும் இதே இனத்தோடு காலங்காலமாகச் சண்டை போட்டவர்கள்தான், இரக்கப்பட்டா நகல் எடுத்தார்கள்?

தேனம்மா:
நீங்கள் இரண்டு பேருமே சிற்பி மனசுக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1623-ஆம் வருஷத்துப் பட்டியல் ஒன்றில்தான் இந்தச் சிலை முதன்முதலில் வருகிறது, ரோமின் லுடோவிசி என்ற பிரபுக் குடும்பத்துச் சொத்தாக. அப்புறம் ரொம்ப காலம் இவனை கிளாடியேட்டர் என்றே நினைத்தார்கள். 1818-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் இதைப் பற்றிக் கவிதை எழுதியபோதும் அப்படித்தான், ரோமானியர் பொழுதுபோக்குக்காகச் சாகிறவன், அவன் பிள்ளைகள் எங்கேயோ டான்யூப் கரையில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. படித்தவர்கள் கலங்காமல் என்ன செய்வார்கள்? ஆக உங்கள் கண்ணீரில் பாதி தப்பான பேருக்கு விட்டது. நடுவில் நெப்போலியன் வேறு 1797 ஒப்பந்தத்தைக் காட்டி பாரிசுக்குத் தூக்கிக்கொண்டு போய், 1816-இல்தான் திரும்பி வந்தது. தோற்றவனின் சிலையும் ஜெயித்தவனுக்குத்தான்!

பழைய_பேனா:
அப்படிப் போடுங்கள். இதே கெல்ட் இனத்துக் கோல்கள்தான் எங்கள் முன்னோர் என்று பிரெஞ்சுக்காரர்கள் பேசுவதை நினைத்தால் இது இன்னும் வேடிக்கை.

செங்கல்சூளை:
பேர் தப்பாக இருந்தபோதும் அழுதார்கள், சரியான பேர் தெரிந்தபிறகும் அழுகிறார்கள் என்றால் அழவைப்பது பேரா, சிலையா? அரசன் தம்பட்டத்துக்குத்தான் காசு கொடுத்தான், ஒத்துக்கொள்கிறேன். சிற்பி வேறு எதையோ செய்து கொடுத்துவிட்டான்.

பழைய_பேனா:
சரி, ரோமிலேயே பலாட்சோ அல்டெம்ப்ஸ் அருங்காட்சியகத்தில் இதன் ஜோடி மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். அதிலும் ஒரு கலாத்தியன், மனைவியைக் கொன்று ஒரு கையில் பிடித்தபடி தன் கழுத்தடியில் வாளை இறக்குகிறான். அடிமையாகப் பிடிபடமாட்டேன் என்கிற திமிர்தான் எனக்குத் தெரிகிறது. இரக்கம் எங்கே?

தேனம்மா:
பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் அவனையே பார்க்கிறீர்கள். அந்தப் பெண்ணின் கை துவண்டு தொங்குகிறதே, அதைப் பார்த்தீர்களா?