உதவி: கார்டேனியா மொட்டு விரியாமலே உதிர்கிறது. ஊட்டிப் பனியில் நட்டால் தாங்குமா?

ஆதம்பாக்கம் மாடி
மொட்டை மாடியில் தொட்டியில் ஒரு அடுக்குப்பூ கார்டேனியா வைத்திருக்கிறேன். மார்கழியில் நிறைய மொட்டு பிடிக்கிறது, மாசி பிறந்ததும் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுகிறது. புதுத் துளிர் வெளிறிப்போய் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. ஊற்றுவது போர் தண்ணீர்தான்.

இன்னொரு கேள்வி. மாமனார் வீடு ஊட்டியில், லவ்டேல் பக்கம். அங்கே கொண்டுபோய்த் தரையில் நட்டுவிடலாமா? ஜனவரியில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். அமெரிக்காவில் ‘கிளைம்ஸ் ஹார்டி’, ‘ஃப்ராஸ்ட்ப்ரூஃப்’ என்று குளிர் தாங்கும் ரகங்கள் இருக்கின்றனவாம். அதைத்தான் தேட வேண்டுமா?

செடிப்பித்தன்
எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன் போடுங்க மேடம், பச்சை திரும்பிடும். புளித்த மோரும் ஊற்றலாம்.

சிட்லபாக்கம் பச்சை
எப்சம் சால்ட்டில் இருப்பது மக்னீசியம். அது குறைந்தால் அடியில் இருக்கும் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே வெளுத்திருப்பது துளிர், அதனால் இது இரும்புச்சத்து பிரச்சினை. மோர் ஒரு நாள் புளிப்பு, மறுநாள் ஊற்றும் போர் தண்ணீர் அதைச் சரிக்கட்டிவிடும்.

மேடம், முதலில் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் அது அடுக்கு நந்தியாவட்டை. நர்சரியில் மாற்றிக் கொடுப்பது சகஜம்.

பால் வரவில்லை என்றால் தண்ணீரைக் கவனியுங்கள். கார்டேனியாவுக்கு மண்ணின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5 முதல் 6 வரை இருக்க வேண்டும். நம் போர் தண்ணீரில் பல இடங்களில் சுண்ணாம்பு ஜாஸ்தி. அது பிஹெச்சை ஏற்றிவிடும், அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொளத்தூர் மீன் கடைகளில் பிஹெச் பார்க்கும் கிட் கிடைக்கும், தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். உரக்கடையில் இரும்பு கேட்கும்போது ‘இடிடிஎச்ஏ’ (EDDHA) வகை என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண ‘இடிடிஏ’ (EDTA) வகை, பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் அவ்வளவாக வேலை செய்யாது.

அப்புறம் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடியுங்கள். அதில் உப்பே கிடையாது, இந்தச் செடிக்கு அமிர்தம். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், போர் தண்ணீரைவிட மோசம்.

இவ்வளவு செய்தாலும் மொட்டு முழுசாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இரவில் 16-18 டிகிரி இருந்தால்தான் இது நன்றாக மொட்டு கட்டும். சென்னையில் ஜனவரி இரவே 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மாசியில் சூடு ஏறும்போது உதிர்வது அதனால்தான்.

குன்னூர்க்காரன்
சொந்த ஊர் குன்னூர், இப்போது வேளச்சேரி வாசம். ஊட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டு ரகம் வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டும் மைனஸ் 12-க்குக் கீழேயும் போகிற ஊர்களுக்கானவை. ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இறங்கும். சாதாரண கார்டேனியாவே வேர் பிடித்துவிட்டால் அதைத் தாங்கும். நுனித் துளிர் கருகலாம், செடி சாகாது. மண்ணும் தேயிலை விளைகிற புளிப்பு மண், இரும்புக் கவலையே இல்லை.

கவனிக்க வேண்டியது இடம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வீடு சரிவின் அடியில் இருந்தால், முற்றத்திலேயே மேடான மூலையைப் பாருங்கள். தெற்கோ மேற்கோ பார்த்த சுவர் ஓரம் நல்லது. கிழக்குப் பக்கம் வேண்டாம், உறைந்த இலையில் காலை வெயில் சுளீரென்று பட்டால் கருகிவிடும்.

நடுவதை ஏப்ரல், மே வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், குளிருக்குள் வேர் ஓடிவிடும். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் போட்டால் இளந்துளிர் வரும், பனி அதைத்தான் முதலில் தின்னும். நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பித்ததும் தயாராகிவிடுங்கள். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற சாயங்காலம் பழைய போர்வையைக் குச்சி நட்டு மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்கிற செடியை வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

ஆதம்பாக்கம் மாடி
பால் வரவில்லை, கார்டேனியாதான். வடிந்த தண்ணீரில் பிஹெச் 8 காட்டுகிறது! ஏசி தண்ணீருக்கு பக்கெட் வைத்தாயிற்று. செடியைத் தொட்டி மண்ணோடு அப்படியே மே மாதம் கொண்டுபோகலாமா சார்?

குன்னூர்க்காரன்
மண்ணோடு வேண்டாம். வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, கார்டேனியாவுக்கு அது சீக்கிரம் வரும். அப்படி இருந்தால் அந்தச் செடி சென்னையிலேயே இருக்கட்டும். மேலிருந்து கொஞ்சம் முற்றிய நுனிக் கொம்பு நாலைந்து வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், மணலும் தேங்காய்நார்க் கழிவும் கலந்து நட்டால் வேர்விடும். ஆனால் அந்தக் கன்றுகளை முதல் குளிருக்கு வீட்டுக்குள், ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த ஏப்ரலில் தரையில் இறக்குங்கள்.