மல்டிபிள் செலக்டில் (வலைப் படிவத்தில் பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில்) ஒன்றும் தேர்வாகவில்லை என்றால் சர்வருக்குக் காலி அரே (மதிப்புகளின் வரிசை) வருமா?

நள்ளிரவுக்கோடர்:
"செலக்டில் மல்டிபிள் போட்டு, சர்வர் கோடில் அதை வாங்கும் பண்பை அரே என்று அறிவித்தால் போதும், மீதியை ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பயனர் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டுச் சேமித்தால் பிரவுசர் அந்தப் புலத்தின் பெயரைக்கூட அனுப்பாது. காலி அரே இல்லை, ஒன்றுமே வராது. போன மாதம் அனுமதித் திரையில் இதில்தான் மாட்டினேன்: ஒருவருக்கு இருந்த 3 அனுமதிகளையும் எடுத்துவிட்டுச் சேமித்தேன், பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மூன்றும் அப்படியே தேர்வாகி நிற்கின்றன.

பழையபைட்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பண்புக்குத் தொடக்க மதிப்பாகக் காலி அரே கொடுத்துவைத்தால், ஒன்றும் வராவிட்டாலும் அது காலியாகவே இருக்கும். 7 வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன், ஒரு தடவைகூட உடைந்ததில்லை.

நள்ளிரவுக்கோடர்:
புதிய ஆப்ஜெக்ட் என்றால் சரி. தரவுத்தளத்திலிருந்து எடுத்த பழைய பதிவின் மேல் பைண்ட் செய்தால், அதாவது படிவத்திலிருந்து வந்த மதிப்புகளை அதில் நிரப்பினால்? அதில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, புதிதாக எதுவும் வரவில்லை, ஆக மூன்றும் அங்கேயே கிடக்கும். ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் இதற்காகவே மல்டிபிள் செலக்டுக்கு முன்னால் காலி மதிப்போடு ஒரு மறைபுலம் (பயனர் கண்ணில் படாத புலம்) வைக்கிறது. ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் படிவ டேக்கும் அடிக்கோட்டில் தொடங்கும் பெயரில் ஒரு மறைபுலம் வைக்கிறது. உங்கள் 7 வருடத்தில் யாருமே எல்லாவற்றையும் நீக்கிப் பார்க்கவில்லை போல.

தேன்சிட்டு:
செலக்டின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட்டீர்களா? பிஎச்பி மொழியில் அது இல்லாவிட்டால் கடைசித் தேர்வு மட்டும்தான் கிடைக்கும்.

நள்ளிரவுக்கோடர்:
அது வேறு சிக்கல். நான் பேசுவது ஒன்றுகூடத் தேர்வாகாத நிலையை.

தேன்சிட்டு:
கேட்டதற்கு இவ்வளவு கோபமா? பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் அடைப்புக்குறியே வேண்டாம், கெட்லிஸ்ட் என்று கூப்பிட்டால் எல்லாம் வரும், ஒன்றும் இல்லாவிட்டால் காலி லிஸ்ட் வரும்.

பழையபைட்:
பார்த்தீர்களா, காலிதான் வருகிறது.

நள்ளிரவுக்கோடர்:
வரவில்லை, ஜாங்கோ அங்கே உருவாக்கித் தருகிறது! அந்தப் புலமே படிவத்தில் இல்லாதபோதும் அதே காலி லிஸ்ட்தான் கிடைக்கும். தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றும் சின்னப் படிவம் ஒன்று அதே கோடுக்கு வந்தால், அனுமதி மொத்தமும் அழிந்துபோகும். 'தொடவில்லை' என்பதும் 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்' என்பதும் ஒன்றா? பிரித்துச் சொல்ல அந்த மறைபுலம் வேண்டும்.

பழையபைட்:
மறைபுலம் வைத்தால் அரேக்குள் ஒரு வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத மதிப்பு) வந்து உட்காரும். போன வருடம் இதே வெற்றுச் சரத்துக்காக என் கோடை எல்லார் முன்னாலும் கிழித்தவர் நீங்கள்தானே? மறக்கவில்லை.

நள்ளிரவுக்கோடர்:
அன்று நீங்கள் வடிகட்டாமல் அப்படியே சேமித்திருந்தீர்கள். வெற்றை நீக்க ஒரே ஒரு வரி போதும், அந்த வரியைத்தான் கேட்டேன்.

பழையபைட்:
என் பண்பின் தொடக்க மதிப்பு காலி அரே. அவ்வளவுதான்.

நள்ளிரவுக்கோடர்:
பழைய பதிவில் அது செல்லாது என்று எத்தனை தடவை சொல்வது? எல்லாத் தேர்வையும் நீக்கி ஒரு தடவை சேமியுங்கள், பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, சர்வருக்குப் போன தரவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேன்சிட்டு:
அடைப்புக்குறி போட்டும் எனக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் படிவத் தரவைத் தாங்கும் ஃபார்ம்டேட்டாவின் கெட் வைத்து எடுக்கிறேன்.

நள்ளிரவுக்கோடர்:
கெட் முதலாவதை மட்டும் தரும். கெட்ஆல் போடுங்கள். பழையபைட், பார்த்தீர்களா இல்லையா?

பழையபைட்:
என் கோடில் பார்க்க ஒன்றும் இல்லை.