நீதிக் கொள்கையை அரசறிவியலில் ஆய்வு செய்வது எப்படி?

கேள்வி – அரசறிவியல் மாணவி

முதுகலை ஆய்வேட்டுக்கு நீதிக் கொள்கையை, அதாவது நீதி வழங்குவது தொடர்பான அரசின் கொள்கையை, எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கில் தீர்ப்பு வருமுன்பே அடைபட்டிருப்பவர்கள், என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. ஆனால், இவர்களை வெளியே விடும் ஜாமீன் சட்டக் கல்லூரிக்கு உரிய பொருள் என்று துறையில் சொல்கிறார்கள். அரசறிவியலுக்கு இதில் தனியான கேள்வி உண்டா?

மறுமொழி – வழக்கறிஞர்

உறுதியாக உண்டு. ஜாமீன் வழங்கலாமா என்பதைச் சட்டம் ஆராய்கிறது. வழங்கிய பிறகும் கைதி ஏன் வெளியே வரவில்லை என்பதை நீங்கள் ஆராயலாம். 1978ஆம் ஆண்டின் மோதிராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் கொத்தனாரை ஜாமீனில் விட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரும், குற்றவியல் நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதோடு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவரைப் பிணையாளராக ஏற்கவும் மறுத்தார். தொகையை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாக (பிணையாளர் இன்றிக் கைதியே எழுதித் தருவது) குறைத்த நீதிபதி கிருஷ்ணய்யர், தொலைவில், மத்திய இந்தியாவின் பஸ்தரில் கைதாகும் ஒரு தமிழர் உள்ளூர்ச் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்னும் பொருள்படக் கேட்டார். வெளிமாநிலத் தொழிலாளர் நிறைந்த இன்றைய தமிழ்நாட்டில், அந்தக் கேள்வியை எதிர்த்திசையிலும் கேட்டாக வேண்டும்.

மறுமொழி – பொது நிர்வாக ஆசிரியர்

கூட்டாட்சிக் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசமைப்பில் குற்றவியல் நடைமுறை மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலிலும், சிறை மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அதாவது, நாடாளுமன்றம் தந்த உரிமை, மாநில அரசு ஊழியர் ஒருவர் எழுதும் விண்ணப்பத்தை நம்பியிருக்கிறது. மேலும், ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால், இப்பிரிவின் கீழ் அவரை விடுவிக்க முடியாது. ஒரே கைதிமீது பல வழக்குகள் பதிவாகும் இடங்களில் இந்த விலக்கு சீர்திருத்தத்தையே வெறுமையாக்கிவிடும் என்பது என் கருத்து.

மறுமொழி – அரசறிவியல் மாணவி

மிக்க நன்றி. இதற்கான ஆவணங்களை எங்கே தேடுவது?

மறுமொழி – வழக்கறிஞர்

மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு கூடுகிறது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதன் உறுப்பினர்கள். எத்தனை பேரை விடுவிக்கக் குழு பரிந்துரைத்தது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று இரண்டு மாவட்டங்களில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.