‘தெர்மல் பிரேக்’: குளிர்நாட்டுக் கதவுகளுக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்நாட்டு வீடுகளுக்கு உள்கதவும் வெளிக்கதவும் தேர்ந்தெடுப்பதைப் பற்றித் தமிழில் எழுத முனைந்த நாம், மற்றச் சொற்களையெல்லாம் எளிதாகக் கடந்து, உலோகக் கதவின் வழியே வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கச் செருகும் பட்டையைக் குறிக்கும் ‘தெர்மல் பிரேக்’ என்பதில் நின்றுவிட்டோம். ‘வெப்ப முறிவு’, ‘வெப்ப இடைவெளி’, ‘வெப்பத்தடை’ என மூன்று சொற்கள் நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் நான் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்லி, ‘வெப்ப இடைமறிப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலோக வெளிக்கதவு ஒன்றில் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நுரை என மூன்று அடுக்குகள் இருக்கும். நுரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆயினும் கதவின் விளிம்பில் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டாலோ, நிலைச்சட்டமும் வாசற்படியும் உள்ளிருந்து வெளிவரை ஒரே உலோகத் துண்டாக ஓடினாலோ, அறையின் வெப்பம் நுரையைச் சுற்றிக்கொண்டு அவ்வழியே வெளியேறிவிடும். இதைத் தடுப்பதற்காக உலோகத்தை நடுவில் வெட்டி, உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் இடையே வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும் பட்டை ஒன்றைச் செருகுகிறார்கள். சட்டங்களுக்கு வழங்கும் அலுமினியக் கலவையின் வெப்பங்கடத்துதிறன், ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு இத்தனை வாட் என்ற அலகில், ஏறத்தாழ 160. கண்ணாடி இழை கலந்த பாலியமைடு (நைலான் வகை நெகிழி) பட்டைக்கோ ஏறத்தாழ 0.3 மட்டுமே. ஐந்நூறு மடங்கு வேறுபாடு! விரல் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை கதவின் தன்மையையே மாற்றிவிடுவது இதனால்தான்.

அந்தப் பட்டை இல்லாவிட்டால் எரிபொருள் வீணாவதோடு தொல்லை முடிவதில்லை. அறைக்காற்று 20 பாகை செல்சியசும் 50 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருக்கும்போது, 9 பாகைக்குச் சற்று மேலேயே நீராவி குளிர்ந்து நீராகத் தொடங்கும். வெளியே உறைகுளிர் நிலவும் இரவில், வெட்டப்படாத உலோக நிலையின் உட்பக்கம் அந்த வெப்பநிலைக்குக் கீழே எளிதில் இறங்கிவிடுகிறது. நிலைக்கால் வியர்க்கிறது, நீர் வழிந்து தரைப்பலகையில் தேங்குகிறது, மூலையில் பூஞ்சை பிடிக்கிறது. குளிர் மேலும் கடுமையானால் பூட்டைச் சுற்றி உட்பக்கத்திலேயே உறைபனி படிகிறது. கதவு வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்திகளில் ஒன்று இது. ஆகவே இதற்கான சொல், கேட்டவுடன் பொருள் விளங்குவதாக இருக்க வேண்டும்.

‘வெப்ப முறிவு’ என்பதற்கு ஆதரவாக ‘விஷமுறிவு’ என்ற வழக்கு காட்டப்பட்டது. அது நல்ல வாதம். விஷத்தின் ஆற்றலை அழிப்பதைத் தமிழ் ‘முறிவு’ என்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு முறிவு, ஒப்பந்த முறிவு, மண முறிவு என்று பழகிய காதுக்கு, ‘வெப்ப முறிவுள்ள கதவு’ என்பது வெப்பத்தால் உடைந்த கதவாகவே கேட்கும். விலை கொடுத்து வாங்கும் பொருளின் சிறப்பைச் சொல்ல வந்த சொல், அதன் குறையைச் சொல்வதுபோல் ஒலிப்பது பொருந்தாது.

‘வெப்ப இடைவெளி’யில் சிக்கல் இன்னும் பெரிது, ஏனெனில் குளிர்நாட்டுக் கதவுக்கு இடைவெளிதான் பகை. அங்கே இருப்பது வெற்றிடமும் அன்று, உறுதியாகச் செருகப்பட்ட ஒரு பட்டை. மேலும், இச்சொல் வேறொன்றுக்குத் தேவைப்படும். 2 மீட்டர் உயர அலுமினியச் சட்டம் 40 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சுருங்குகிறது. உள்தகடு அறையின் வெப்பத்திலும் வெளித்தகடு பனியிலும் இருக்கும்போது கதவு வில்லைப்போல் வளைவதற்கும், ஒரே தாழ்ப்பாளுக்குப் பதில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் பூட்டும் அமைப்பு விரும்பப்படுவதற்கும் இச்சுருக்கமே காரணம். இந்த விரிவுக்கும் சுருக்கத்துக்குமாக விடப்படும் இடத்தைத்தான் ‘வெப்ப இடைவெளி’ என்று சொல்லத் தோன்றும்.

மூன்றாவதான ‘வெப்பத்தடை’ நல்ல தமிழ்ச்சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ‘மின்தடை’ என்பது எப்படி ஓர் அளவையோ, அப்படியே ‘வெப்பத்தடை’யும் எண்ணால் சொல்லப்படும் ஒரு பண்பு. 44 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்மரக் கதவின் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட் வெப்பம் கடக்கிறது. அதே தடிப்பில் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய எஃகுக் கதவின் நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை வாட்தான் கடக்கிறது. அதாவது நுரைக்கதவின் வெப்பத்தடை பலமடங்கு கூடுதல். ஆயினும் அதே எஃகுக் கதவின் விளிம்பு மரக்கதவின் விளிம்பைவிட மோசமாக இருக்கலாம். ‘இக்கதவின் வெப்பத்தடை அதிகம், ஆனால் நிலையில் … இல்லை’ என்று எழுதும்போது, அந்த வெற்றிடத்தில் மற்றொரு சொல் நமக்குத் தேவைப்படுகிறது. பண்புக்கும் உறுப்புக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் இந்த எச்சரிக்கையைத் தமிழில் சொல்லவே முடியாது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

‘இடைமறித்தல்’ நம் அன்றாடச் சொல். பேச்சை இடைமறிக்கிறோம், ஓடி வருபவரை இடைமறிக்கிறோம். ஒன்று தன் வழியே போய்க்கொண்டிருக்கையில் நடுவில் புகுந்து நிறுத்துவதையே அது குறிக்கிறது. இப்பட்டை செய்வதும் அதையேதான்: உலோகத்தின் வழியே ஓடும் வெப்பத்தை நடுவழியில் மறிக்கிறது. ‘இடை’ என்பது அது எங்கே இருக்கிறது என்பதையும், ‘மறிப்பு’ என்பது அது என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகின்றன. சொல் நன்றாக வளைந்தும் கொடுக்கிறது: இடைமறிப்புப் பட்டை, இடைமறித்த நிலை, இடைமறிப்பில்லா வாசற்படி. தொடர்ந்து வரும் இடங்களில் ‘மறிப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வெப்பம் முற்றிலும் நிற்பதில்லையே, குறையத்தானே செய்கிறது என்ற ஐயம் எழலாம். காப்பான் எனப்படும் எந்தப் பொருளும் முழுமையாகக் காப்பதில்லை. நோக்கத்தைக் கொண்டு பெயரிடுவது மரபுதான்.

இதன் எதிர்ச்சொல், வெப்பம் எளிதில் கடந்துபோகும் உலோக வழியைக் குறிக்கும் ‘தெர்மல் பிரிட்ஜ்’. அதற்கு ‘வெப்பப் பாலம்’, ‘குளிர்ப்பாலம்’ இரண்டும் சொல்லப்பட்டுள்ளன. ‘குளிர் உள்ளே வருகிறது’ என்பது உடல் உணர்வதைச் சொல்லும் இயல்பான பேச்சு. ஆனால் உலோகத்தின் வழியே நகர்வது வெப்பம், அதுவும் உள்ளிருந்து வெளியே. எனவே ‘வெப்பப் பாலம்’. பாலத்தை இடைமறிப்பது என்ற உருவகமும் அப்போது இணைந்து வருகிறது.

கதவின் ஓரத்தில் ஒட்டும் ரப்பர்ப் பட்டைக்கு ‘காற்றடைப்புப் பட்டை’ போதும். அது தடுப்பது காற்றை, இடைமறிப்பு தடுப்பது கடத்தலை. இரண்டையும் கலக்கக் கூடாது. குளிரில் விறைக்காத ஈ.பி.டி.எம். ரப்பரும் சிலிக்கோனும் இதற்கு ஏற்றவை. நிலை, நிலைக்கால், கீல், தாழ்ப்பாள், வாசற்படி ஆகியவற்றுக்குத் தச்சர் சொற்கள் இருக்கும்போது புதியன படைக்க வேண்டாம்.

‘உள்கதவு’, ‘வெளிக்கதவு’ என்ற பிரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சூடாக்கப்படாத சரக்கறைக்கோ வண்டிக்கொட்டகைக்கோ வீட்டுக்குள்ளிருந்து செல்லும் கதவு, கூரைக்குக் கீழே இருப்பதால் உள்கதவு எனப்படுகிறது; ஆனால் வெப்பத்தின் எல்லை அதன்மீதுதான் ஓடுகிறது. மலிவான உள்கதவை அங்கே பொருத்திவிட்டு, வீடு ஏன் சூடேறவில்லை என்று வருந்துபவர் பலர். எல்லையில் நிற்கும் கதவு எதுவாயினும் ‘எல்லைக்கதவு’ என்று தனியே பெயரிட்டு, நுரையும் இடைமறிப்பும் காற்றடைப்பும் அதற்கு வேண்டும் என்று எழுதுவோம். இரு சூடான அறைகளுக்கு நடுவேயுள்ள கதவுக்கு இவை தேவையில்லை. காற்று சுற்றிவர அதன் அடியில் சிறிது இடம் விட்டால் போதும். பனிக்காலத்தில் வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து சூடேறும்போது அதன் ஈரப்பதம் மிகவும் தாழ்ந்துவிடுவதால் மரம் சுருங்கும். ஆகவே சட்டத்தின் பள்ளத்தில் பசையிடாமல் செருகிய பலகைகள் கொண்ட கதவு வெடிக்காமல் நிற்கும்.

இறுதியாக, இரண்டு கதவுகளுக்கு நடுவே விடப்படும் சிற்றறை. முன்கதவைத் திறந்ததும் சூடான காற்று மேல்வழியாக வெளியேறி, குளிர்காற்று கீழ்வழியாகப் புகுவதைத் தவிர்க்க, ஒரு கதவை மூடிய பின்பே மற்றதைத் திறக்கும்படி அமைப்பது அது. ‘காற்றுப்பூட்டு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. நமக்கு அச்சொல் வேண்டாம்; ‘இடைகழி’ இருக்கிறது. கோவலூர்ப் பெருமான், அதாவது திருக்கோவலூர்த் திருமால், ‘வாசல் கடைகழியா உள்புகா’ நின்றதை, அதாவது வாயிலைக் கடந்து வெளியே போகாமலும் உள்ளே புகாமலும் நின்றதை, முதல் திருவந்தாதியில் பொய்கையாழ்வார் பாடுகிறார். அப்படி நின்ற இடத்துக்கு அவர் சொல்லும் பெயர் இடைகழி. வெளியும் அன்று, உள்ளும் அன்று என்ற பொருளை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் புதுச்சொல்லை நம்மால் ஆக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. இதை ஏற்றுக்கொண்டால், இடைகழியின் இரு கதவுகளில் எது எல்லைக்கதவு என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கே இடைமறிப்புள்ள நிலையைத் தேர்ந்தெடுக்குமாறு எழுதலாம்.

‘இடைமறிப்பு’ வேண்டாம் என்போர், தாம் விரும்பும் சொல்லையும் ‘வெப்பத்தடை’யையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, கதவு வாங்குபவருக்குக் குழப்பம் வராதபடி எழுதிக் காட்ட வேண்டுகிறேன். அது என் சொல்லைவிடத் தெளிவாக அமைந்தால், அதையே ஏற்றுக்கொள்வேன்.