கட்டி தெரிந்தும் பெரியம்மா ஒன்பது மாதம் யாரிடமும் சொல்லவில்லை, ஏன் இப்படி?

காங்கயத்துக்காரி:
எங்க பெரியம்மாவுக்கு 54 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன வாரம் மார்பகப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று சொல்லிவிட்டார்கள். கட்டி தட்டுப்பட்டது பொங்கல் சமயத்திலாம். வலிக்கவில்லை, கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டார். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக ஆன பிறகும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஜாக்கெட்டில் மஞ்சள் கறையைப் பார்த்து நான் கேட்டதால்தான் வெளியே வந்தது. வசதியான நாடுகளில் கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள், இங்கே முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்றார் டாக்டர். ஏன்? அம்மாவுக்கும் அத்தைக்கும் நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கோபி பக்கம் கிராம செவிலியர்:
பெரியம்மாவைத் திட்டாதீங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஏமாற்றிவிடுகிறது. வலிக்காத ஒன்றுக்காக லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு, கூட வருகிறவர் சம்பளமும் போச்சு. அதைவிட, மகனிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். "பேத்திக்குச் சீர் முடியட்டும்னு பொறுத்துட்டேனுங்க" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னபோது புண்ணே வந்துவிட்டிருந்தது.

சொன்ன பிறகும் ஸ்கேன் ஓரிடம், கட்டியில் ஊசி குத்திச் சிறு துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இன்னோரிடம் என்று நாள் ஓடுகிறது. முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அவர்கள் கணக்கில், மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது, 71 பெண்களில் ஒருவர் அதனால் இறக்கிறார். பின்தங்கிய நாடுகளில் 27 பெண்களில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பெண்களில் ஒருவர் அதனால் இறந்துபோகிறார். குறைவாக வந்தும் அதிகமாகச் சாகிறார்கள், எனக்கு இதுதான் தாங்கவில்லை.

அம்மாவையும் அத்தையையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்க. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பகத்தைக் கையால் தொட்டுப் பார்த்துப் பரிசோதிப்பார்கள். சாதாரணமாக நினைக்காதீங்க, மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் நடந்த ஆய்வில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் இப்படிப் பார்த்ததிலேயே 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோயால் வரும் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது.

அவிநாசி அக்கா:
நானும் இதிலிருந்து மீண்டவள்தான். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி பயாப்ஸிக்கே இரண்டு மாதம் போகவில்லை. அது உண்மையில்லை கண்ணு, பெரியம்மாவிடமும் சொல்லிவிடு. மூன்றாம் நிலை என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. எனக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு.

பெரியம்மா சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கிறதா என்று உடனே பார். சிகிச்சை மட்டுமில்லை, புற்றுநோய்க்கு நீண்ட கால நோய் உதவித்தொகை என்று சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும், அதற்குச் சில வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கீமோவைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் காசில்லாமல்தான் விடுகிறார்கள். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

காங்கயத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். திங்கட்கிழமை எல்லோரும் போகிறோம். அத்தை மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், அப்புறம் இராத்திரி மெதுவாக வந்து, பார்க்கிறது பொம்பளைதானே என்று கேட்டார்.