பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த டிரைவர் போடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாமாரே அக்காமாரே, ஹட்டன்ல இருந்து எழுதுறேன், சடங்கு வீடியோ, திருவிழா வீடியோ எடிட் பண்ணி குடுக்கிற வேலை. மெஷின்ல டெபியன் லினக்ஸ், கார்டு செகண்ட்ஹேண்டா வாங்கின என்விடியா 1050 டிஐ.

போன கிழமை கேர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட் பண்ணேன், டிரைவர் பில்ட் ஆக வேண்டிய ஹெடர்ஸ் ஃபைல்களை போட மறந்துட்டேன் (என் பிழைதான்), என்விடியா டிரைவர் மொட்யூல் பில்ட் ஆகல, திரை முழுக்க கறுப்பு, மூலையில ஒரு சின்ன கோடு மட்டும் மினுங்கிட்டே இருந்திச்சு. வெளிய மழை, விடிஞ்சா வீடியோ குடுக்கணும். அப்புறம் நூவோல (என்விடியா கார்டுக்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவர்) ஏத்தினேன், திரை வந்திச்சு, ஆனா என் கார்டு மாதிரி பாஸ்கல் தலைமுறை கார்டுல கிளாக்கை (கார்டோட வேகத்தை) ஏத்துறதுக்கு கம்பெனி கையெழுத்து போட்ட ஃபேர்ம்வேர் வேணும், அது நூவோ கையில இல்ல, அதனால குளிர்ல விறைச்ச மாதிரி நகருது. கூடாவும் (என்விடியா கார்டுல ரெண்டர் கணக்கை ஓட்டுற வழி) இல்ல, பிளெண்டர் ரெண்டர் எல்லாம் சிபியு தலையிலதான்.

2022 மே மாசம் என்விடியா கேர்னல் மொட்யூலை ஓப்பன் பண்ணிச்சு, சரி, ஆனா அது பாஸ்கலுக்குப் பிறகு வந்த டூரிங் தலைமுறையில இருந்து மேல உள்ள கார்டுக்குத்தான். நம்ம பாஸ்கலுக்கு என்விடியாவோட மூடின டிரைவரும் 580 வரிசையோட முடியுது. ஓப்பன் சோர்ஸ்காரங்க ஏன் கத்துறாங்கன்னு இப்பதான் உறைக்குது, ஆனா கஸ்டமர்கிட்ட அதை சொல்ல முடியுமா?

இப்ப 580ஐ போட்டு கேர்னலை அப்டேட் ஆகாம ஹோல்ட் பண்ணி வைக்கவா, இல்ல இதை வித்துட்டு மெசாவில (ஓப்பன் சோர்ஸ் கிராபிக்ஸ் டிரைவர்) ஓடுற ஏஎம்டி கார்டு ஒண்ணு தேடவா? ஏஎம்டியில லினக்ஸ்ல எடிட் பண்றவங்க யாராச்சும் இருந்தா எந்த கார்டுன்னு சொல்லுங்க. நைட் டேட்டாவிலதான் டவுன்லோட் பண்ணணும், கொஞ்சம் பார்த்து சொல்லுங்க.